புள்ளி எங்கேயும் நகர்வதில்லை

கேள்வி:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். முழு எண்களை வகுப்பதில் அவனுக்குத் தடுமாற்றம் இல்லை. புள்ளி வந்துவிட்டால் எல்லாம் குழம்பிவிடுகிறது. போன வாரத் தேர்வில் மூன்று கணக்குகள் தவறு. 8.4 ÷ 0.12 என்பதற்கு 7 என்று எழுதியிருக்கிறான். 7.5 மீட்டர் கம்பியை 0.6 மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை முழுத் துண்டுகள் கிடைக்கும், மீதி எவ்வளவு என்ற கணக்குக்கு 12 துண்டுகள், மீதி 3 மீட்டர் என்று எழுதியிருக்கிறான். 6 மீட்டர் நாடாவை 15 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 2.5 மீட்டராம்.

சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். 6-ஐ 0.5-ஆல் வகுத்தால் 12 என்றதும், “வகுத்தால் குறையத்தானே வேண்டும், எப்படி அம்மா கூடும்?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. “புள்ளியை நகர்த்தினால் விடை வரும், அவ்வளவுதான்” என்று சமாளித்துவிட்டேன். எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கிருந்து தொடங்குவது? கால்குலேட்டரைக் கையில் கொடுத்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

வணக்கம் அம்மா. முப்பது ஆண்டுகள் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவன் நான். “வகுத்தால் குறையத்தானே வேண்டும்?” என்று வாய்விட்டுக் கேட்கும் பிள்ளை வகுப்புக்கு ஒன்று இருந்தாலே அதிகம். மற்றவர்களுக்கும் அதே சந்தேகம்தான். மனத்துக்குள் கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் கிடைக்காததால் புள்ளியை ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஆகவே உங்கள் மகன் கேட்ட இடத்திலிருந்தே தொடங்குவோம். மூன்று தவறுகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

வகுத்தல் என்றதும் நம் எல்லோருக்கும் பங்குபோடுவதுதான் நினைவுக்கு வருகிறது. 12 பென்சில்களை 4 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3. பங்குபோட்டால் கைக்கு வருவது குறையத்தான் செய்யும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு 6 ÷ 0.5 என்பதைப் பார்க்கும் பிள்ளை, அரை ஆளுக்கு எப்படிப் பங்குபோடுவது என்று திகைத்து நிற்கிறது. அரை ஆள் என்று உலகத்தில் யாரும் கிடையாதே.

வகுத்தலுக்கு இன்னொரு முகம் உண்டு. அதே 12 பென்சில்களை நான்கு நான்காகக் கட்டினால் எத்தனை கட்டு வரும்? இதுவும் 12 ÷ 4 தான், விடையும் 3 தான். ஆனால் கேள்வி வேறு. ‘ஆளுக்கு எவ்வளவு’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இதற்குள் அது எத்தனை முறை அடங்கும்’ என்று கேட்கிறோம். முதலாவது பகிர்தல், இரண்டாவது அளத்தல். தசம எண்ணால் வகுக்கும்போது பெரும்பாலும் கைகொடுப்பது அளத்தல்தான்.

இதைச் சொல்லி விளக்காதீர்கள், செய்து காட்டுங்கள். ஒரு வாளியில் 6 லிட்டர் தண்ணீர் நிரப்பி, அரை லிட்டர் குவளையை அவன் கையில் கொடுத்து மொண்டு ஊற்றச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டே வரட்டும். பன்னிரண்டாவது முறை மொண்டதும் வாளி காலியாகிவிடும். அப்போது கேளுங்கள்: “தண்ணீர் கூடிவிட்டதா?” தண்ணீர் அதே 6 லிட்டர்தான். கூடியது மொண்ட தடவைகளின் எண்ணிக்கை. குவளை சிறுத்தால் தடவை பெருகும். இதை ஒருமுறை கையால் செய்த பிள்ளைக்குப் பிறகு சந்தேகமே வராது.

கை காய்ந்ததும் இந்த வரிசையை எழுதச் சொல்லுங்கள்: 6 ÷ 3 = 2, 6 ÷ 2 = 3, 6 ÷ 1 = 6, 6 ÷ 0.5 = 12, 6 ÷ 0.25 = 24, 6 ÷ 0.1 = 60. வகுக்கும் எண் இறங்க இறங்க ஈவு ஏறுகிறது. 1 என்பது நடுவில் நிற்கும் வாசற்படி. வகுக்கும் எண் 1-க்கு மேல் இருந்தால் விடை வகுபடும் எண்ணைவிடச் சிறியது. 1-க்குக் கீழே இருந்தால் விடை பெரியது. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்திருந்தால் 8.4 ÷ 0.12 = 7 என்று அவன் எழுதியிருக்க மாட்டான். 0.12 என்பது 1-ஐவிடச் சிறியது. விடை 8.4-ஐத் தாண்டியாக வேண்டும். 7 எப்படிச் சரியாகும்?

இனி, புள்ளியை நகர்த்தும் வித்தைக்கு வருகிறேன். எனக்கு இந்த ‘நகர்த்து’ என்ற சொல்லின் மேல் தீராத மனத்தாங்கல் உண்டு. புள்ளி எங்கேயும் நகர்வதில்லை. ஒன்றுகளின் இடத்துக்கும் பத்தில் ஒன்றுகளின் இடத்துக்கும் நடுவில் அது பாட்டுக்கு நிற்கிறது. நாம் மாற்றுவது அலகை.

8.4 மீட்டர் நாடாவுக்குள் 0.12 மீட்டர் துண்டு எத்தனை முறை அடங்கும்? மீட்டரை விட்டுவிட்டுச் சென்டிமீட்டரில் சொல்லிப் பாருங்கள். 840 சென்டிமீட்டருக்குள் 12 சென்டிமீட்டர் எத்தனை முறை? 840 ÷ 12 = 70. நாடாவும் மாறவில்லை, துண்டும் மாறவில்லை. அளந்த கோல்தான் மாறியது. அதனால் ‘எத்தனை முறை’ என்பதற்கான விடையும் மாறாது. இரண்டையும் 100-ஆல் பெருக்கியதாகச் சொன்னாலும் இதேதான். 8.4-ஐ மேலேயும் 0.12-ஐக் கீழேயும் எழுதினால் அது ஒரு பின்னம். மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கினால் சமான பின்னம் கிடைக்கும் என்பதை அவன் முந்தைய வகுப்பிலேயே படித்திருப்பான். அங்கே படித்ததுதான் இங்கே புள்ளியின் பெயரால் திரும்ப வந்திருக்கிறது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அவன் செய்த தவறு என்ன? 8.4-இல் உள்ள புள்ளியை எடுத்து 84 ஆக்கினான். 0.12-இல் உள்ள புள்ளியை எடுத்து 12 ஆக்கினான். ஒன்று 10 மடங்கு ஆயிற்று, மற்றொன்று 100 மடங்கு ஆயிற்று. நாடாவை டெசிமீட்டரிலும் (ஒரு டெசிமீட்டர் என்பது 10 சென்டிமீட்டர்) துண்டைச் சென்டிமீட்டரிலும் அளந்துவிட்டு இரண்டையும் ஒரே தராசில் வைத்தது போல. ‘புள்ளியை எடுத்துவிட்டு வகு’ என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் தவறாமல் விழும் குழி இது. அலகு என்று சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இதில் விழுந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

தாளில் எழுதும் முறை சுருக்கமானதுதான். வகுக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். அது முழு எண்ணாக 10, 100 என்று எதால் பெருக்க வேண்டுமோ, அதால் இரண்டு எண்களையும் பெருக்குங்கள். வகுபடும் எண் முழு எண்ணாக வேண்டிய அவசியமே இல்லை. 3.78 ÷ 0.9 என்றால் 37.8 ÷ 9 போதும், விடை 4.2. சிலர் இதை 378 ÷ 90 என்று ஆக்கிவிட்டு, 90-ஆம் வாய்ப்பாட்டுடன் மல்லுக்கட்டுவார்கள். தவறில்லை, ஆனால் வீண் வேலை. வகுபடும் எண்ணில் இலக்கம் போதாவிட்டால் சுழியம் சேர்க்க வேண்டும். 8.4 என்பதும் 8.40 என்பதும் ஒன்றுதான் என்பதில் அவனுக்குத் தயக்கம் இருந்தால், 8 மீட்டர் 4 டெசிமீட்டரும் 8 மீட்டர் 40 சென்டிமீட்டரும் ஒன்றா என்று கேளுங்கள். ஈவில் புள்ளி எங்கே வரும்? மாற்றி எழுதிய வகுபடும் எண்ணில் புள்ளி இருக்கும் இடத்துக்கு நேர் மேலே. இதற்குக் கட்டம் போட்ட நோட்டு நல்லது. ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். வரி போட்ட நோட்டில் இலக்கங்கள் சாய்ந்து சாய்ந்து போய், புள்ளி பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும்.

ஒரு குழியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதில் விழுகிறார்கள். 2.412 ÷ 0.4 என்ற கணக்கு. 24.12 ÷ 4 என்று சரியாக மாற்றிவிடுவான். 24-இல் 4 ஆறு முறை. புள்ளி வைத்தாயிற்று. அடுத்து 1. அதில் 4 அடங்காது. உடனே 2-ஐயும் இறக்கி 12 ஆக்கி, 3 என்று எழுதுவான். விடை 6.3 என்பான். அடங்காத இடத்தில் சுழியம் போட மறந்துவிட்டான். சரியான விடை 6.03. ‘அடங்கவில்லை’ என்பதும் ஒரு பதில்தான், அதையும் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். 6.3-ஐ 0.4-ஆல் பெருக்கிப் பார்த்தால் 2.52 வரும். அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இப்போது அந்தக் கம்பிக் கணக்கு. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்த தவறு இதுதான். அவன் முக்கால்வாசி சரியாகச் செய்திருக்கிறான். 7.5 ÷ 0.6 என்பதை 75 ÷ 6 என்று மாற்றினான். ஈவு 12, மீதி 3. இதுவரை ஒரு குறையும் இல்லை. 12 முழுத் துண்டுகள், சரி. மீதி 3 என்றானே, 3 என்ன?

7.5-ஐ 75 ஆக்கியபோது அவன் மீட்டரிலிருந்து டெசிமீட்டருக்கு வந்துவிட்டான். 75 டெசிமீட்டரில் 6 டெசிமீட்டர் துண்டுகள். ஆக, மீதி 3 டெசிமீட்டர். அதாவது 0.3 மீட்டர். ஈவு என்பது ‘எத்தனை முறை’ என்ற வெறும் எண்ணிக்கை. அலகு மாறினாலும் அது மாறாது. மீதி அப்படியல்ல. அது கம்பியின் ஒரு துண்டு. எந்த அலகில் வகுத்தோமோ அந்த அலகிலேயே மீதியும் நிற்கும். திரும்பப் பழைய அலகுக்குக் கொண்டுவருவது நம் வேலை. 0.6 மீட்டர் துண்டு வெட்டிக்கொண்டிருக்கும்போது 3 மீட்டர் மீதி இருக்கிறது என்றால், வெட்டுகிறவர் ஏன் பாதியில் கத்தரியை வைத்துவிட்டு எழுந்து போனார் என்று மகனிடம் கேளுங்கள். அதிலிருந்து இன்னும் ஐந்து துண்டுகள் வெட்டலாமே! மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்று முழு எண் வகுத்தலில் படித்த விதி இங்கேயும் செல்லும்.

இதையும் செய்து பாருங்கள். ஒன்றரை மீட்டர் நூலும் அளவு நாடாவும் போதும். 0.4 மீட்டர், அதாவது 40 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். மூன்று துண்டுகள் வரும். மிஞ்சிய நூலை அளக்கச் சொல்லுங்கள். 30 சென்டிமீட்டர் இருக்கும். பிறகு தாளில் 1.5 ÷ 0.4 என்பதை 15 ÷ 4 ஆக்கி, ஈவு 3, மீதி 3 என்று எழுதட்டும். அந்த 3 எது என்பது கையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதோடு விட்டுவிடாமல் தசமத்தில் தொடர்ந்து வகுக்கச் சொல்லுங்கள். 15 ÷ 4 = 3.75. இந்த 0.75 என்பது என்ன? பல பெரியவர்களும் இங்கே சறுக்குவார்கள். 0.75 மீட்டர் மிச்சம் என்பார்கள். கையில் இருப்பதோ 0.3 மீட்டர். 0.75 என்பது முக்கால் மீட்டர் ஆகாது. முக்கால் துண்டு. ஒரு துண்டு 0.4 மீட்டர். அதில் முக்கால் பங்கு 0.4 × 0.75 = 0.3 மீட்டர். கம்பிக் கணக்கிலும் இப்படியே: 12.5 என்றால் பன்னிரண்டரைத் துண்டு. அந்த அரைத் துண்டு 0.3 மீட்டர். மீதி என்று எழுதினால் 0.3 மீட்டர், ஈவில் சேர்த்து எழுதினால் 0.5 துண்டு. இரண்டும் ஒரே கம்பித் துண்டைத்தான் குறிக்கின்றன. இதற்காக ஒரு மாலைப் பொழுது முழுவதும் போனாலும் பரவாயில்லை. பத்துப் பயிற்சிக் கணக்குகளைவிட இது உழைக்கும்.

வாக்கியக் கணக்கில் கடைசி வரியைத் திரும்பப் படிக்க வேண்டியதும் இதனால்தான். 7.5 ÷ 0.6 = 12.5 என்பது ஒரே வகுத்தல். முழுத் துண்டுகள் எத்தனை என்று கேட்டால் விடை 12. 7.5 லிட்டர் எண்ணெயை 0.6 லிட்டர் பாட்டில்களில் முழுவதும் ஊற்றி வைக்க எத்தனை பாட்டில்கள் வேண்டும் என்றால் 13. கடைசிப் பாட்டில் பாதிதான் நிறையும், ஆனாலும் அது வேண்டும். 0.6 மணி நேரத்தில் 7.5 கிலோமீட்டர் ஓடினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்றால் 12.5 அப்படியே நிற்கும். ‘ஐந்தோ அதற்கு மேலோ என்றால் கூட்டிக்கொள்’ என்ற முழுமையாக்கல் விதியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு போட்டால் மூன்றும் 13 ஆகிவிடும். கம்பிக்காரர் சண்டைக்கு வருவார்.

மூன்றாவது தவறு நாடா. 6 மீட்டரை 15 பேருக்குப் பிரிக்க, அவன் 15 ÷ 6 என்று போட்டுவிட்டான். கவனக்குறைவு என்று திட்டியிருந்தால், தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எண்ணைச் சிறிய எண்ணால்தான் வகுக்க வேண்டும் என்று ஆரம்ப வகுப்புகளில் நாங்கள்தான் அவர்களைப் பழக்கினோம். எங்கள் கணக்குகள் எல்லாம் அப்படியே இருந்தன. 1985-இல் எஃப்ரையிம் ஃபிஷ்பைன் என்ற கணிதக் கல்வி ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் இத்தாலியப் பள்ளி மாணவர்களிடம் வெளிப்படுத்திக் காட்டியது இதைத்தான். 15 பேர் சேர்ந்து 5 கிலோ வாங்கினால் ஆளுக்கு எவ்வளவு என்ற வகைக் கணக்குகளில் எண்களை இடம் மாற்றி வகுத்த பிள்ளைகள் பலர். பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும், பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும் என்ற எண்ணங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு கையைப் பிடித்து இழுக்கின்றன. உங்கள் மகனின் கை மட்டும் தப்புமா?

திருத்தும் வழி, விடையைக் கணக்குக்குள் திரும்ப வைத்துப் பார்ப்பதுதான். ஆளுக்கு 2.5 மீட்டர் என்றால் 15 பேருக்கு 37.5 மீட்டர் வேண்டும். இருப்பது 6 மீட்டர். நாடா எங்கிருந்து வந்தது? 6 மீட்டர் என்பது 60 டெசிமீட்டர். அதை 15 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4 டெசிமீட்டர், 0.4 மீட்டர். எழுதுவதற்கு முன்பே, 6 மீட்டருக்கு 15 பேர் நிற்கிறார்கள், ஆளுக்கு ஒரு மீட்டர்கூடத் தேறாது என்று சொல்லத் தெரிந்திருந்தால் இந்த வம்பே இல்லை.

இதுதான் என் கட்சி, அம்மா. கணக்கைத் தொடங்கும் முன் விடை எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று சொல்லிவிட வேண்டும். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதட்டும். சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 8.4 ÷ 0.12 என்றால், 0.12 கிட்டத்தட்ட 0.1. 8.4-இல் 0.1 எண்பத்து நான்கு முறை இருக்கிறது. 0.12 சற்றுப் பெரியது, ஆகவே 84-க்குக் கொஞ்சம் கீழே. பிறகு வகுத்து 70 வந்தால் நிம்மதி. 7 வந்தாலோ 700 வந்தாலோ புள்ளி தடம் மாறிவிட்டது என்று அவனுக்கே தெரியும். என் வகுப்பில் இந்த ஓரத்து எண்ணுக்கு ஒரு மதிப்பெண் தனியாகக் கொடுத்துவந்தேன். ஆரம்பத்தில் விடையைப் போட்டுவிட்டுப் பிறகு ஓரத்தை நிரப்பும் கில்லாடிகள் இருந்தார்கள். ஓரத்தில் 70 என்று துல்லியமாக எழுதியிருந்தாலே மாட்டிக்கொள்வார்கள்.

வாக்கியக் கணக்குகளில் எந்தச் செயல் என்று தெரியாமல் விழிக்கும்போது, சில வீடுகளில் சொற்களைப் பிடித்துக்கொடுப்பார்கள். ‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘ஒவ்வொரு’ என்றால் வகு என்று. இது ஆபத்து. ‘ஒவ்வொன்றும் 0.6 மீட்டர் நீளமுள்ள 12 துண்டுகள் செய்யக் கம்பி எவ்வளவு வேண்டும்’ என்ற கணக்கிலும் ‘ஒவ்வொன்றும்’ இருக்கிறது. பெருக்க வேண்டிய கணக்கு அது. சொல்லைப் பிடிப்பதற்குப் பதிலாக எண்ணை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 7.5-க்குப் பதிலாக 10, 0.6-க்குப் பதிலாக 2. 10 மீட்டர் கம்பியில் 2 மீட்டர் துண்டுகள் எத்தனை? எந்தப் பிள்ளையும் யோசிக்காமல் 10 ÷ 2 என்பான். கதை அதேதான், எண்தான் வேறு. ஆகவே 7.5 ÷ 0.6.

இன்னொரு கணக்கை அவனுக்குக் கொடுங்கள். 1.5 மீட்டர் நீளமுள்ள கம்பியின் எடை 0.6 கிலோ. ஒரு மீட்டரின் எடை என்ன? ஒரு கிலோவுக்கு எத்தனை மீட்டர்? எண்கள் இரண்டுதான், கேள்விகள் இரண்டு, வகுத்தலும் இரண்டு. முதல் கேள்விக்கு 0.6 ÷ 1.5 = 0.4 கிலோ. இரண்டாவதற்கு 1.5 ÷ 0.6 = 2.5 மீட்டர். எதை எதால் வகுப்பது என்று தெரிய ஒரு குறுக்கு வழி: எதற்கு ‘ஒன்று’ என்று கேட்கிறார்களோ, அது வகுக்கும் எண். ஒரு மீட்டருக்கு என்றால் மீட்டரால் வகு. ஒரு கிலோவுக்கு என்றால் கிலோவால் வகு. இதைப் புரிந்துகொண்டவன் வேகம், அடர்த்தி, விலை வீதம் எதற்கும் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பாடப்புத்தகக் கணக்குகள் சலித்துப்போனால் உலகத்திலிருந்தே எடுங்கள். மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய இந்த விசித்திரமான தூரம்தான் பின்னர் நிலைத்துவிட்டது. ஓட்டப் பாதையின் ஒரு சுற்று 0.4 கிலோமீட்டர். மாரத்தானை மைதானத்திலேயே ஓடினால் எத்தனை சுற்று? முதலில் ஓரத்து எண்: அரை கிலோமீட்டர் சுற்று என்றால் 84 சுற்றுக்கு மேல். 0.4 அதைவிடச் சிறியது, ஆகவே நூறைச் சுற்றி வரும். வகுத்தால் 105.4875. இங்கேதான் நூல் துண்டு திரும்ப வருகிறது. 105 முழுச் சுற்றுகள் போக, 0.4875 என்பது சுற்றின் பகுதி. 400 மீட்டரில் அத்தனை பங்கு, அதாவது 195 மீட்டர். 42,195-இன் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த அதே 195! ஏன் அப்படி வந்தது என்று அவன் தானே கண்டுபிடிக்கட்டும், சொல்லிவிடாதீர்கள்.

1 அங்குலம் என்பது சரியாக 2.54 சென்டிமீட்டர் என்று 1959-இல் நிலைநிறுத்தினார்கள். ஒரு கஜம் 91.44 சென்டிமீட்டர். அதில் எத்தனை அங்குலம்? 9144 ÷ 254, மிச்சமில்லாமல் 36. உசைன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடிகளில் ஓடினார். வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வகுத்தால் 10.438 என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கே நிறுத்துவது என்பது கணக்கைவிடப் பொது அறிவைச் சேர்ந்தது. நேரத்தையே இரண்டு தசம இடங்களுக்குத்தான் அளந்திருக்கிறார்கள். விடையை எட்டு இடங்களுக்கு எழுதி யாரை ஏமாற்றுவது? 10.44 போதும்.

நடுவில் ஒரு செய்தி, கதை கேட்கப் பிடிக்கும் பிள்ளையானால் சொல்லலாம். ஐரோப்பாவில் தசம எண்களைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர் சைமன் ஸ்டெவின். 1585-இல் டச்சு மொழியில் ஒரு சின்னஞ்சிறு நூல் எழுதி, வானியலாளர்களுக்கும் நிலம் அளப்பவர்களுக்கும் வணிகர்களுக்கும் காணிக்கையாக்கினார். அதில் புள்ளியே கிடையாது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் அது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று ஒரு வட்டத்துக்குள் எண் போட்டுக் காட்டினார். ஒன்றுகளுக்கு 0, பத்தில் ஒன்றுக்கு 1, நூறில் ஒன்றுக்கு 2. வகுத்தலுக்கு அவர் போட்டுக் காட்டிய கணக்கு, இன்றைய எழுத்தில் 3.44352 ÷ 0.96. முழு எண்களாக வகுத்து 3587 கண்டார். வகுபடும் எண்ணின் கடைசி வட்டம் 5, வகுக்கும் எண்ணின் கடைசி வட்டம் 2. கழித்தால் 3. ஆகவே ஈவின் கடைசி இலக்கத்துக்கு 3, அதாவது 3.587. புள்ளியை நகர்த்தாமலேயே காரியம் முடிந்தது. உங்கள் மகனின் 8.4 ÷ 0.12-ஐயும் இப்படிப் போடலாம். 8.40 ÷ 0.12 என்று எழுதினால் இரண்டிலும் கடைசி வட்டம் 2. கழித்தால் 0. 840 ÷ 12 = 70, அப்படியே விடை.

கால்குலேட்டர் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம், கடைசியில். ஓரத்து எண்ணை எழுதி, கையால் வகுத்து, பெருக்கிச் சரிபார்த்த பிறகு. கால்குலேட்டர் 8.4 ÷ 0.12-க்கு 70 என்று சொல்லும். 8.4 ÷ 1.2 என்று தவறாகத் தட்டிவிட்டால் அதே கம்பீரத்தோடு 7 என்றும் சொல்லும். இரண்டில் எது நம் கணக்கு என்று அதற்குத் தெரியாது. முதலில் கொடுத்துவிட்டால் அவனுக்கும் தெரியாமல் போய்விடும்.

அறுபது கணக்குகளைப் போட்டு வாட்டாதீர்கள். நாளுக்கு மூன்று போதும். ஒன்று வெறும் வகுத்தல், ஒன்று வாக்கியக் கணக்கு, ஒன்று அவனே உங்களுக்காக உண்டாக்கும் கணக்கு. இந்தக் கடைசி வகையில்தான் பிள்ளைகள் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது தெரியும். 4.5 ÷ 0.9 என்பதற்கு ஒரு கதை சொல் என்றால், ‘4.5 பேரை’ என்று தொடங்குகிறானா, ‘4.5 மீட்டர் துணியை’ என்று தொடங்குகிறானா என்று பாருங்கள். இன்னொன்று: அன்றைக்குப் பதில் தெரியாமல் சமாளித்ததை அவனிடம் சொல்லிவிடுங்கள். வாளியையும் குவளையையும் எடுக்கும்போது நீங்களும் உட்கார்ந்து எண்ணுங்கள்.

இந்த வாரத்துக்கு இவை: 3.06 ÷ 0.3. பிறகு 0.36 ÷ 1.2, இதில் எண்களை இடம் மாற்றுகிறானா என்று கவனியுங்கள். 10 லிட்டர் தண்ணீரை 0.75 லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் முழுதாக நிறைபவை எத்தனை, மீதி எத்தனை லிட்டர்? 2.5 மீட்டர் கயிற்றின் எடை 0.8 கிலோ என்றால் ஒரு மீட்டரின் எடை என்ன, ஒரு கிலோவுக்கு எவ்வளவு நீளம்? விடைகளை நான் இங்கே எழுதவில்லை. ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி, மீதி இருந்தால் கூட்டிப் பார்த்தால், சரியா தவறா என்று அவனே சொல்லிவிடுவான்.